டீ நேரத்தில் செத்துக் காட்டியவர்

பொம்மைக்குக் கண்ணும் உதடும் எழுதுகிற வேலை, பார்க்கிறவர்களுக்குச் சுலபம்தான். பீங்கான் கம்பெனியில் முதுகு ஒடியக் குந்தியிருக்கிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தொண்ணூற்றி இரண்டில் விருத்தாசலத்தில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன்.

ஆள் எடுத்த விதம்

ஞானவேல் அண்ணன் சின்ன வயதில் சினிமாவில் நடித்தவர். ஒரு படத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாகிற பிள்ளையாக வந்து ஊரையே அழவைத்தாராம். இருபத்தெட்டு வயதில் பொம்மை அடுக்கிய பலகை தூக்க எங்களிடம் வந்தார். சூப்பர்வைசர் பலகையைத் தூக்கச் சொல்லவில்லை. செத்துக் காட்டச் சொன்னார். அண்ணன் செத்தார், வேலை கிடைத்தது. "பலகைய எவன் வேணா தூக்குவான். இப்படிச் சாவ ஆளு கெடைக்குமா?"

திட்டக்குடி அம்மா

பொம்மை வாங்க வந்த அம்மா ஒருவர் அந்தப் படம் பார்த்து மூன்று நாள் சோறு தின்னவில்லையாம். முதலாளி பெருமையாக அண்ணனைக் கூப்பிட்டு நிறுத்தினார். மீசையையும் களிமண் கையையும் பார்த்த அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. "அப்ப எவ்ளோ அழகா இருந்தீங்க. ஏங்க வளந்தீங்க?"

நான் சொன்னது

தினமும் டீ வந்ததும் ஆம்பிளைகள் அவரைச் சாகச் சொல்வார்கள். அவரும் முகம் கோணாமல் சாவார். ஒருநாள் என்னிடம் வந்து, நெஞ்சு நிஜமாகவே வலிக்கிறது, சொன்னால் சிரிக்கிறார்கள், சூப்பர்வைசரிடம் நீ சொல்லும்மா என்றார். அவர் உதட்டிலிருந்த நிறத்தை நான் எந்தப் பொம்மைக்கும் வைத்ததில்லை.

ஆம்பிளைகளை நிமிர்ந்து பார்த்துப் பேசாதவள் நான். போய்ச் சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. சூப்பர்வைசர் மெச்சிக்கொண்டார். "பாத்தியா, உன்னையே நம்ப வச்சிட்டான்." இன்னொரு தடவை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கேட்காமலே

மறுநாள் டீ வருமுன்பே சூளை வாசலில் விழுந்தார். கேட்காமலே செய்கிறாரே என்று எல்லோரும் கைதட்டினார்கள். டீ வந்து, குடித்து முடித்த பிறகுதான் ஒருத்தர் கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனதில் டாக்டருக்கு வேலையே இருக்கவில்லை. துணியைப் போட்டு மூடிவிட்டார்கள்.

அவர் ஊர் கம்மாபுரத்தில் துக்கம் கேட்க நாங்கள் போனபோது எல்லோரும் அங்கேயும் அவர் நடிப்பைத்தான் பேசினார்கள். அவர் சம்சாரம் என் பக்கம் மட்டும் திரும்பினார். "வூட்ல வலிக்குதுன்னாரு. நடிக்காதீங்கன்னு சொல்லிட்டேன். ஒங்ககிட்டயாச்சும் சொன்னாருங்களா?"

நன்றாக நடிக்கத் தெரிந்தவன் வாயால் சொல்வது எதுவும் எடுபடாது. அதற்கு வாயே இல்லாத என்னைச் சாட்சிக்கு அனுப்பினால், சுத்தம்.