பிரித்து வைக்கும் அடுப்பு

உள்நாட்டுத் தைல உற்பத்தியை மேம்படுத்த அரசாங்கம் உதவித்தொகை அறிவித்திருந்தது. விண்ணப்பித்தவர்களை நேரில் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. அப்படித்தான் டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், விண்ணப்பித்திருந்த அவரைச் சந்தித்தேன். ஒல்லியான உடம்பு, புகையில் சிவந்த கண்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் கல்லடுப்பு மூட்டி, பழைய பீப்பாயில் யூகலிப்டஸ் இலையை அவித்துத் தைலம் எடுத்துக்கொண்டிருந்தார்.

வேலை முடிந்ததும் பீப்பாயை இறக்கினார். ஆறிய அடுப்புக் கற்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்து வேலியோரம் அடுக்கினார். கற்களில் சுண்ணாம்பால் இலக்கம் போட்டிருந்தது.

“தினமும் பிரிக்கிறீங்களா?”

“ஆமாங்க சேர். அப்படியே விட்டா, கட்டடம் கட்டிட்டான்னு தோட்ட நிர்வாகத்துல ஒடைக்கச் சொல்லுவாங்க. நான் பொறந்த லயந்தாங்க. ஆனா எடம் அவங்களோடது.”

அந்த உதவித்தொகையில் கிடைக்கும் கொதிகலனைச் சிமெந்து மேடை கட்டித்தான் பொருத்த வேண்டும் என்றேன். அவர் கடைசிக் கல்லைத் தூக்கியபடி நின்றார்.

“பிரிச்சு வைக்கிற மாதிரி ஒன்னு தர மாட்டாங்களா சேர்?”

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதி அனுப்பினேன். ‘விண்ணப்பதாரருக்கு நிலையான இடமில்லை’ என்ற குறிப்போடு விண்ணப்பம் திரும்பி வந்தது.

அதை அவர் பிறந்த லயத்து முகவரிக்கே தபாலில் அனுப்பி வைத்தேன்.