தறிகள் நின்ற அரங்கேற்றம்

சென்ற ஆண்டு இளம் இசைக்கலைஞர் இருவர் ஆரணியில் ஒரு திருமண மண்டபத்தில் தம் படைப்பை அரங்கேற்றினர். அறிமுகவுரை ஆற்றும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. ஒருத்தி அருகிலுள்ள சேவூர் நெசவாளர் ஒருவரின் மகள். தறியொலிகளைப் பதிவுசெய்து கணினியில் கோப்பவள். மற்றவள் அவளுடைய தோழி, வயலின் வாசிப்பவள். தாது ஆண்டுப் பெரும்பஞ்சத்தில் துணி வாங்குவாரின்றித் தறிகள் நின்றதும், நெய்தவர் பட்டினியால் மடிந்ததுமே அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள். பாட்டில்லை. பல தறிகளின் ஓசை முழங்கி, ஒவ்வொன்றாக அடங்கி, விளக்குகளும் அணைந்து, இறுதியில் நெடியதோர் அமைதி. அவ்வமைதியே படைப்பின் உயிர்.

சென்னையில் முன்னோட்டமாக வாசித்தபோது பாராட்டுக் குவிந்திருந்தது. ஆயினும் மேடையேறுமுன் சேவூர்ப் பெண் என்னிடம் சொன்னாள்: "எங்கப்பா இத இன்னும் கேக்கலைங்க ஐயா. அவரு கடைசி வரைக்கும் உக்காந்து கேக்கலேன்னா, இனிமே இத வாசிக்கப் போறதில்ல."

இறுதி அமைதியைப் பற்றி முன்கூட்டி மூச்சுவிடலாகாது என்பது இருவரின் கட்டளை. மற்றவற்றையெல்லாம் சொன்னேன். முன்வரிசையில் அத்தந்தை கொட்டாவி விடுவதைக் கண்டு உரையை முடித்துக்கொண்டேன்.

தறியொலி எழுந்ததும் அவை நிமிர்ந்தது. "நம்ம தெரு தறி பா!" என்று ஒருவர் மகிழ்ந்தார். பின்னர் ஓசை அடங்கியது, விளக்குகள் அணைந்தன.

"கரண்ட் போச்சு!" என்று முதலில் எழுந்தவர் அத்தந்தையே. நின்ற மின்சாரம் திடீரென மீண்டால் விசைத்தறியில் பாவு நூல் அறுந்துவிடும் என்பது இவ்வூரார் அச்சம். பாதி அவை கைப்பேசியில் வீட்டாரை அழைத்தது.

"தறி ஸ்விட்ச ஜல்தியா ஆஃப் பண்ணு!"

"இங்க கரண்ட் இருக்குதே! நீ எங்க கீற?" என்று ஒரு மனைவியின் குரல் கைப்பேசியையும் மீறிக் கேட்டது.

இதற்குள் மண்டபக் காவலர் பின்புறம் ஓடி மின்னாக்கியை இயக்கிவிட்டார். அது உறுமிற்று.

சேவூர்ப் பெண்ணின் கண்கள் கலங்கின. தோழியோ வயலினால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நான் எழுந்து, நின்றது மின்சாரமன்று, பஞ்சகாலத்துத் தறிகள் என்று விளக்கினேன்.

"அத மொதல்லியே சொல்றதுக்கு இன்னாங்க? அவ்ளோ நேரம் பேசிகினு இருந்தீங்களே!" என்றார் தந்தை. அவை சிரித்தது, நானுந்தான். அவர் மகளிடம் திரும்பினார். "தறி நின்னா நாங்க ஏந்துக்க மாட்டமா? திரும்பப் போடும்மா. ஒருத்தரும் அசைய மாட்டோம்."

மின்னாக்கியை நிறுத்தச் செய்து, காவலரை என்னருகில் அமர்த்தி, அவர் கையைப் பற்றிக்கொண்டேன்.

இறுதிப் பகுதி மீண்டும் ஒலித்தது. தறிகள் ஒவ்வொன்றாக நின்றன, இருள் சூழ்ந்தது. எவரும் இருமவில்லை. எத்தனையோ அவைகளில் அமைதி வேண்டிக் கத்தியவன் நான். அதன் எடையை அன்றுதான் உணர்ந்தேன். காவலரின் கை வியர்த்திருந்தது.

அப்போது தந்தையின் குரல் எழுந்தது: "போதும்மா. ரொம்ப நேரமா நிக்குது, பேஜாரா கீது. ஒரு தறியாவது ஓட்டும்மா."

படைப்பில் அதற்கு இடமில்லை. இருளில் மகள் சிரிப்பது கேட்டது. மறுநொடியே ஒற்றைத் தறி தடதடவென ஓடத் தொடங்கியது.