டிரைவர் ஜெபதுரையின் வலது கால்

ஜெபதுரை ஓட்டுகிற பஸ்ஸில் ஏறினால் வாந்தி வராது. ரயிலும் கிடைக்காது. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் வரைக்கும் இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. பிள்ளைத்தாய்ச்சிகளும், முட்டைக் கூடைக்காரர்களும், கல்யாணத்துக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போகிற மாப்பிள்ளைகளும் மற்ற பஸ்ஸையெல்லாம் விட்டுவிட்டு அவர் பஸ்ஸுக்காகக் காத்துக் கிடப்பார்கள். அவசரக்காரர்களோ டிரைவர் சீட்டில் அவர் முகத்தைப் பார்த்ததுமே, "போச்சுடா" என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள்.

ஆள் பிறந்தது மலையடிவாரத்தில், அய்யம்பாளையத்தில். மீசை அரும்புகிற வயதில் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு முட்டைக்கோஸ் ஏற்றிப் போகிற லாரியில் கிளீனராகச் சேர்ந்தார். அந்த லாரி டிரைவர் இருக்கிறானே, அவன் மனுஷனே இல்லை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம் இருக்கிற வளைவில் கூட ஸ்டியரிங்கை விட்டுவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெபதுரை தனக்குத் தெரிந்த மந்திரங்களையெல்லாம் முன்னும் பின்னுமாகச் சொல்லி முடித்து, கடைசியில் ஒரு நேர்ச்சையும் செய்துகொண்டார். நான் வண்டி பிடிக்கிற காலம் வந்தால், என்னால் ஒரு கோழிக்குஞ்சும் பயப்படக் கூடாது ஆண்டவரே.

அந்த வாக்கை அவர் பஸ்ஸில் கடைசிவரை காப்பாற்றினார். மலைப்பாதையில் ஒரு வழக்கம் உண்டு. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். ஏறுகிறவன் பாரம் இழுக்கிறவன், நடுவில் நின்றுவிட்டால் மறுபடி கிளம்புவது பெரும்பாடு. இறங்குகிறவனுக்கு என்ன கேடு, ஓரமாக நிற்கட்டுமே. எல்லா டிரைவர்களுக்கும் இது தெரியும். ஜெபதுரைக்கோ இது வேதம். கார், லாரி என்றில்லை. விறகுக்கட்டோடு ஏறி வருகிற மட்டக்குதிரையைக் கண்டாலும் வலது கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். பஸ் ஓரம் கட்டும். குதிரைக்காரனைப் பார்த்து, "போங்கய்யா, மெதுவாப் போங்க" என்று கையையும் காட்டுவார்.

இப்படிப்பட்ட மனுஷனுக்கு வந்து பிறந்த மகளைப் பார்க்க வேண்டுமே! சலேத்மேரி என்று மலைமேல் இருக்கிற சலேத் மாதா கோயில் பெயரை வைத்தார்கள். வீட்டில் சலேத்து. பெயரில் இருந்த அமைதியெல்லாம் பெயரோடு சரி. அப்பனுக்குப் பிரேக்கை மட்டும் கொடுத்த ஆண்டவர், மகளுக்கு ஆக்சிலேட்டரை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார். கொடைக்கானலில் அவர்கள் குடியிருந்த நாயுடுபுரத்துச் சரிவில் அவள் நடந்து யாரும் பார்த்ததில்லை. ஓட்டம்தான். முழங்காலில் ஒரு புண் ஆறுவதற்குள் இன்னொன்று வந்து உட்கார்ந்துவிடும். தாய் அருள்மேரி பள்ளிக்கூட விடுதிச் சமையலறையில் வேலை பார்த்தவள். கையில் எப்போதும் மஞ்சளும் தேங்காய் எண்ணெயுமாகத்தான் மகளைத் தேடுவாள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நாயுடுபுரத்துக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. அமெரிக்கப் பள்ளிக்கூடத்து வெள்ளைக்கார வாத்தியார் ஒருவர், தன் பையனோடு சேர்ந்து பலகையில் வண்டி செய்து சரிவில் விட்டு விளையாடினார். அவ்வளவுதான், ஊரே பிடித்துக்கொண்டது. வாத்தியாரும் பிள்ளையும் செய்தால் நாமும் நம் பிள்ளையும் செய்ய மாட்டோமா? பேரிக்காய்ப் பெட்டியை உடைத்தால் பலகை. லாரி பட்டறையில் கெஞ்சினால் தேய்ந்த பால்பேரிங் நாலு. அதுதான் சக்கரம். முன்கட்டையில் கயிறு கட்டினால் ஸ்டியரிங். பழைய டயர்த் துண்டைக் கட்டையில் அடித்துப் பின்னால் மாட்டினால், காலால் மிதிக்கப் பிரேக். சாயங்காலமானால் வீட்டுக்கு வீடு சுத்தியல் சத்தம். அதுவரை பிள்ளைகளிடம் மார்க் கேட்பதைத் தவிர வேறு பேச்சே இல்லாத தகப்பன்மார்கள், மண்டியிட்டு உட்கார்ந்து, "ஏலே, அந்த ஆணிய எடு, இல்ல, நீயே அடி" என்றார்கள். தாய்மார்கள் மெத்தை தைத்தார்கள். மே மாதத்தில் சீசன் கூட்டம் வந்ததும் பேரிங் வண்டிப் பந்தயம். பிள்ளை முன்னால் உட்கார்ந்து கயிறு பிடிக்க வேண்டும். பெற்றவரில் ஒருவர் பின்னால் உட்கார்ந்து பிரேக் மிதிக்க வேண்டும். மேட்டுத் தண்ணீர்த்தொட்டியிலிருந்து கீழே மைதானம் வரை.

முதல் வருடமே ஜெபதுரையும் சலேத்தும்தான் ஜெயிப்பார்கள் என்று ஊர் பேசிக்கொண்டது. மலைப்பாதையிலேயே பிழைக்கிற டிரைவர் ஆயிற்றே! பாதி வழிவரை முன்னால்தான் வந்தார்கள். பாதி வழியில் ஒரு கிழட்டு டாக்சி முக்கிக்கொண்டு ஏறி வந்தது. சாலையை அடைத்து வைக்க வேண்டும் என்று பந்தயக் கமிட்டியில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றுமா? கமிட்டி முழுக்க லாரிக்காரர்களும் பஸ்காரர்களும். ஏறுகிற வண்டியைத் தடுத்து நிறுத்துவது என்கிற எண்ணமே அவர்கள் மண்டைக்குள் நுழையாது. ஜெபதுரையின் வலது கால் அதன் வேலையைச் செய்தது. வண்டி ஓரம் கட்டியது. டாக்சிக்காரனுக்குக் கையும் காட்டினார். அந்த நேரத்தில் பின்னால் வந்த வண்டிகளெல்லாம் சந்து பார்த்து, கரகரவென்று இவர்களைத் தாண்டிப் போய்விட்டன. சலேத்து நடுரோட்டில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அன்றைக்கு ஜெபதுரைக்கு 'வழிவிட்டான்' என்று பட்டப்பெயர் வந்து ஒட்டிக்கொண்டது.

மறு வருடம் சலேத்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"இந்தத் தடவையும் நீங்க பிரேக்கு போட்டீங்கன்னா, அடுத்த வருசத்துல இருந்து நான் அம்மா கூடத்தான் உக்காருவேன். உங்க கூட ஒருநாளும் ஏற மாட்டேன்."

"சரி ஆத்தா, போட மாட்டேன்."

"சத்தியமா?"

"சலேத் மாதா மேல சத்தியம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் ஒரு பயம் இருந்தது. வெள்ளனே எழுந்து போனால் விளக்கு வைத்தபிறகு வீட்டுக்கு வருகிற பிழைப்பு. பிள்ளை வளர்ந்ததையே அவள் தூங்குகிற முகத்தில்தான் பார்த்திருந்தார். இந்த வண்டி வந்தபிறகுதான் மகள் அவரோடு பேச ஆரம்பித்தாள். "அப்பா, இந்தப் பேரிங்குக்குக் கிரீஸ் பத்தாதுப்பா." "அப்பா, கட்டை இளகுது பாருங்க." ஒரு நாளைக்கு எத்தனை அப்பா! பஸ் ஸ்டாண்டில் ஷெட்டுக்குள் வண்டியை விட்டதும் ஓட்டமாய் ஓடி வருவார். மலைப்பாதையில் காட்டாத வேகத்தையெல்லாம் வீட்டுக்கு வருகிற ஒற்றையடிப் பாதையில் காட்டுவார். பின்சீட்டு போய்விட்டால் இதெல்லாம் போய்விடும். அவருக்குப் பயம் அதுதான்.

சத்தியம் செய்தது வாய். கேட்க வேண்டியது கால். கால் கேட்கவில்லை. ஒத்திகையில் ஒரு கோழி குறுக்கே வந்தது, பிரேக். ஒரு காகிதம் பறந்தது, பிரேக். ஒருதரம் எதுவுமே வரவில்லை, அதற்கும் பிரேக்.

"இப்ப எதுக்குப்பா?"

"வளைவுத்தா. வளைவுல எப்பவும் லேசாத் தொடுவேன்."

"இது பஸ்ஸு இல்லப்பா!"

அருள்மேரி வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏண்டி, அவரு தூக்கத்துலயே பிரேக்கு போடுறவரு. ராத்திரி என் காலத்தான மிதிச்சுக்கிட்டுக் கெடக்காரு. அவரப் போயி பிரேக்கு போடாதன்னா என்ன செய்வாரு பாவம்."

பந்தயத்தன்று சலேத்து ஒரு வழி கண்டுபிடித்து வந்தாள். அம்மாவின் பழைய சேலையைக் கிழித்து எடுத்து, அப்பாவின் வலது காலை வண்டிப் பலகையோடு சேர்த்து இறுகக் கட்டினாள். முடிச்சின் மேல் முடிச்சு. சுற்றி நின்றவர்கள் கைகொட்டினார்கள்.

பக்கத்து வண்டியில் இருந்த தபால்காரர் பவுல்ராஜ், "என்ன டிரைவர், காலுக்கு விலங்கு மாட்டிட்டாளா மக?" என்றார்.

"ஆமாண்ணே. ஆயுள் தண்டனை," என்றார் ஜெபதுரை. சிரிப்புதான். ஆனால் இரண்டு கையாலும் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

கொடி இறங்கியது. வண்டிகள் புறப்பட்டன. தார் ரோட்டில் பேரிங் போட்ட சத்தத்தில் நாயுடுபுரத்து நாய்களெல்லாம் வேலி தாண்டி ஓடின. சலேத்து முதல் வளைவிலேயே எல்லாரையும் முந்தினாள். என்ன பிடி, என்ன லாகவம்! கயிற்றை இந்தப் பக்கம் ஒரு சுண்டு, அந்தப் பக்கம் ஒரு சுண்டு. ஜெபதுரைக்கு ஒரு கணம் பயமே மறந்துபோனது. இப்படியும் இறங்கலாமா இந்த மலையில்? காற்று வாய்க்குள் புகுந்து கன்னத்தை உப்ப வைத்தது. "போத்தா! போத்தா!" என்று கத்தினார். அவர் வாயிலிருந்தா வந்தது அது என்று அவரே ஆச்சரியப்பட்டார்.

இந்த இடத்தில் சேனாதிபதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் மண்டி வைத்திருந்த பெரும்புள்ளி. அன்றைய பந்தயத்துக்குப் பரிசு கொடுக்க வந்த தலைவர் அவர்தான். அவர் காத்திருக்க வேண்டியது கீழே மைதானத்தில். மனுஷனோ, தலைவர் என்றால் மேட்டில்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, கழுத்தில் மாலையோடு கைரிக்‌ஷாவில் ஏறி உட்கார்ந்து, "வெரசாப் போங்கய்யா மேல" என்று சொல்லிவிட்டார். ஆள் தேக்குப் பீரோ மாதிரி இருப்பார். முன்னால் வண்டிக்காரர் நாச்சிமுத்து இழுக்க, பின்னால் இரண்டு பேர் தோளைக் கொடுத்து முட்டித் தள்ள, ரிக்‌ஷா இரண்டாவது வளைவில் ஏறிக்கொண்டிருந்தது.

சலேத்தின் வண்டி அந்த வளைவில் திரும்பியது. எதிரே ரிக்‌ஷா.

ஜெபதுரையின் வலது கால் துடித்த துடிப்பில் பலகையே கிரீச்சிட்டது. சேலை நல்ல உழைப்புள்ள சேலை, அவிழவில்லை. இடது காலை எட்டிப் போட்டால் பிரேக்கைத் தொட்டிருக்கலாம். அது அவருக்குத் தெரியும். சத்தியம் ஒரு பக்கம் இழுத்தது, இத்தனை வருடத்து வழக்கம் ஒரு பக்கம் இழுத்தது. நாச்சிமுத்துவின் கழுத்து நரம்பு புடைத்திருப்பது வரைக்கும் கண்ணில் பட்டது. இந்த ஆள் இப்போது நிற்க நேர்ந்தால் அந்தப் பாரம் அவரைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு போகும். இடது கால் அரை அடி நகர்ந்தது. மகளின் பின்னந்தலையைப் பார்த்தார். கால் நின்றுவிட்டது. "ஆண்டவரே, என்னை மன்னியும்" என்று கண்ணை இறுக மூடிக்கொண்டார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, ஏறுகிற வண்டிக்கு ஜெபதுரை பிரேக் போடவில்லை.

அடுத்த நொடி வண்டி ஒரு வெட்டு வெட்டித் திரும்பியது. அப்புறம் வானம் கீழேயும் முட்டைக்கோஸ் மேலேயுமாகத் தெரிந்தன.

கண்ணைத் திறந்தபோது ரோட்டோரத்துக் கந்தம்மாளின் முட்டைக்கோஸ் தோட்டத்தில் கிடந்தார். வண்டியும் காலோடு கூடவே கிடந்தது. அந்த அம்மாள், "எவன்டா அவன், என் கோசைப் பொளந்தவன்!" என்று மண்வெட்டியோடு ஓடி வந்தாள். ஜெபதுரைக்கு அது காதில் விழவில்லை. "சலேத்து! ஆத்தா! எங்கத்தா இருக்க?" என்று அலறினார்.

சலேத்து இரண்டு வரப்பு தள்ளி எழுந்து நின்றாள். முழங்கை சிராய்த்திருந்தது, தலை முழுக்க மண். மற்றபடி முழுசாக இருந்தாள். மேலே ரோட்டில் ரிக்‌ஷா நிற்காமல் ஏறிக்கொண்டிருந்தது. நாச்சிமுத்து தலையைத் திருப்பி, "நல்லாயிரு தாயி!" என்று மூச்சு வாங்கக் கத்திவிட்டுப் போனார். அந்த ரிக்‌ஷாவுக்கு இடது பக்கம் இருந்த சந்தில் பவுல்ராஜின் வண்டி நுழைந்து வெளியே வந்து, கீழே பாய்ந்தது. மைதானத்தில் கைதட்டல் கேட்டது.

சலேத்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு அப்பாவின் முன்னால் வந்து நின்றாள்.

"ஏம்ப்பா பிரேக்கு போடல?"

"நீதானத்தா போடக் கூடாதுன்ன."

"நான் சொன்னா? நான் சொன்னதயெல்லாம் என்னைக்குப்பா கேட்டிருக்கீங்க? இன்னைக்குப் பாத்துத்தானா கேக்கணும்? ரெண்டு பேரும் செத்துருப்போம்ல!"

ஜெபதுரை மீசையிலிருந்த மண்ணைத் துடைத்தார்.

"நீ எதுக்குத்தா தோட்டத்துக்குள்ள விட்ட? இடது பக்கம் சந்து கெடந்துச்சே. பவுல்ராஜு அண்ணன் அதுலதான போனாரு. போயிருந்தா நமக்குத்தான பரிசு."

"சந்து தெரிஞ்சதுப்பா."

"தெரிஞ்சுமா?"

சலேத்து ரோட்டைப் பார்த்தாள். எரிச்சலோடு, இதைப் போய் விளக்க வேண்டியிருக்கிறதே என்கிற குரலில் சொன்னாள்.

"அந்தச் சந்துல போனா அவுக மெரண்டு நின்னுருவாகப்பா. அம்புட்டுப் பாரத்த இழுத்துக்கிட்டு ஏறி வாராக. ஏறுற வண்டிய எப்பிடிப்பா நிறுத்துறது?"

முட்டைக்கோஸ் இலைகளுக்கு நடுவே உட்கார்ந்து, காலில் வண்டியும் கண்ணில் தண்ணீருமாக, அந்தப் பெரிய மனுஷன் தேம்பித் தேம்பி அழுதார். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. கந்தம்மாளே மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, "அய்யய்ய, அழாதீங்க டிரைவர், கோசுதான போச்சு" என்று தேற்றும்படி ஆகிவிட்டது.

"அழாதீங்கப்பா, எல்லாரும் பாக்குறாக," என்று சலேத்து அவர் காலடியில் உட்கார்ந்து முடிச்சோடு மல்லுக்கட்டினாள்.

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டார். "அப்ப... அடுத்த வருசம் அம்மா கூடத்தானாத்தா?"

முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்த சலேத்து நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மாவுக்குப் பிரேக்கு போடத் தெரியாதுப்பா," என்றாள்.