கட்டைவிரல் காட்டும் ஆர்லன்

வாத்தியக்குழு ஒரு பாட்டை முடித்து அடுத்த தாளைப் புரட்டுவதற்குள் ஆர்லன் பெக்மன் மேடையை விட்டு இறங்கிவிடுகிறார். இடது முழங்கால் சரியாக மடங்காது. அதனால் நண்டு இறங்குவதுபோலப் பக்கவாட்டில் இறங்குகிறார். பூங்காவைச் சுற்றி மூக்கை உள்பக்கம் நீட்டி நிற்கும் வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி நடக்கிறார். ஒவ்வொரு முன்கண்ணாடிக்கு எதிரிலும் நின்று வலது கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார். உள்ளே இருப்பவர் பதிலுக்குக் கட்டைவிரல் காட்டினால்தான் அடுத்த வண்டி.

காட்டாவிட்டால் நகரமாட்டார். ஜூன் மாதம் ஒரு கிழவி இரண்டு கையாலும் சாண்ட்விச்சைப் பிடித்துக்கொண்டு, வாய் நிறைய மென்றுகொண்டு, தலையை மட்டும் ஆட்டினார். "பரவாயில்ல, மெதுவா முழுங்குங்க. நான் நிக்கிறேன்" என்றார் ஆர்லன். அவர் முழுங்கி, கையைத் துடைத்து, விரலைக் காட்டும்வரை நின்றார். மேடையில் நாற்பது பேர் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

வெளியூரிலிருந்து வந்த ஒருவர் மட்டும் கண்ணாடியை இறக்கி, "என்ன பெரியவரே, உயிரோட இருக்கேனான்னு பாக்கறீங்களா?" என்று சிரித்தார். பக்கத்தில் இருந்த மனைவி அவரை முழங்கையால் இடித்தாள். "ஆமா" என்று சொல்லிவிட்டு ஆர்லன் அடுத்த வண்டிக்குப் போனார்.

ஆர்லனுக்கு அறுபத்து மூன்று வயது. விவசாயிகள் கூட்டுறவின் தானியக் கிடங்கில் லாரிகளை எடை போடுகிறார். நெப்ராஸ்காவின் இந்த மாவட்டத்தில் மக்காச்சோளம் விளைவிக்கும் யாராக இருந்தாலும் வருடத்துக்கு நான்கு தடவையாவது அவருடைய ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றாக வேண்டும். கோடையில் ஏழு ஊர்கள், ஏழு வியாழக்கிழமைகள். ஒவ்வொரு ஊர்ப் பூங்காவிலும் இலவசக் கச்சேரி. மாவட்டத்துக்குச் சொந்தமான மடக்கு மேடையைத் தன் வண்டியின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போவதும், அதை விரிப்பதும், மைக் கட்டுவதும், பாட்டின் பெயரை அறிவிப்பதும் இருபத்தாறு வருடமாக அவர் வேலை. சம்பளம் கிடையாது. கச்சேரி முடிந்ததும் தேவாலயத்துப் பெண்கள் ஒரு கிண்ணம் ஐஸ்கிரீம் கொடுப்பார்கள். இப்போது அதையும் வாங்குவதில்லை.

மேடையை விரித்ததும் நான்கு மூலையிலும் ரசமட்டம் வைத்துப் பார்ப்பார். குமிழி நடுவில் நிற்காவிட்டால் மண்டியிட்டு மரக்கட்டை செருகுவார். "ஒரு விரக்கடை சாஞ்சாப் போதும், டியூபாக்காரன் கிளாரினெட்டுக்காரி மடியில கிடப்பான். அவ புருஷன் எங்கிட்டதான் எடை போட வரணும்" என்பது அவருடைய பழைய வேடிக்கை. இந்த வருடம் கட்டை செருகுகிறார். வேடிக்கை சொல்வதில்லை.

மைக் சோதிப்பதற்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண மாட்டார். அன்றைய விலையை வாசிப்பார். "சோளம், நாலு டாலர் பத்து சென்ட். சோயா, பத்து டாலர் அஞ்சு." விலை நன்றாக இருந்தால் வண்டிகளிலிருந்து நீளமாக ஹாரன் எழும். மோசமாக இருந்தால் தும்மல் போல ஒரே ஒரு அடி. இந்த ஊர்களில் ஹாரன்தான் கைதட்டல். கொசுவுக்கும் வெயிலுக்கும் பயந்து பாதிப்பேர் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து கேட்பவர்கள். கண்ணாடிக்குள் கைதட்டினால் யாருக்குக் கேட்கும்? பாட்டுப் பிடித்திருந்தால் ஹாரனை அழுத்து. மிகவும் பிடித்திருந்தால் கையை எடுக்காதே.

கையை எடுக்காதவர்களில் பேர்போனவர் கோல்வின் ஊர் வெர்னன் ஷூல்ட்ஸ்.

வெர்னனும் அவர் மனைவி லவோனும் ஆர்லனோடு ஒரே வகுப்பில் படித்தவர்கள். எடை போட வந்தால் வெர்னன் சும்மா போக மாட்டார். "உன் மெஷினு பாதியத் தின்னுடுதுய்யா, அதான் நீ குண்டாகிக்கிட்டே போற" என்பார். "நீ பாதி கல்லக் கொண்டாந்து கொட்டுற, அதான் மெஷினுக்குப் பல்லு போச்சு" என்பார் ஆர்லன். ஏழாவது வியாழக்கிழமை கோல்வினில் கச்சேரி. மேடைக்கு நேர் எதிரே, எல்ம் மரத்தடியில், வெர்னனின் பச்சை பிக்கப் வண்டி. கடைசிப் பாட்டு முடிந்ததும் ஊரே ஹாரனை நிறுத்திய பிறகும் அந்த ஒரு ஹாரன் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். இன்னொரு பாட்டு வாசித்தால்தான் விடுவார். வருடா வருடம் இதுதான்.

போன வருடமும் அதுதான் நடந்தது. கடைசிப் பாட்டு முடிந்தது, ஹாரன்கள் எழுந்தன, அடங்கின. ஒன்று மட்டும் அடங்கவில்லை. ஆர்லன் மைக்கைக் கையில் எடுத்து, "வெர்னன், கையை எடுய்யா, பேட்டரி செத்துடும்" என்றார். பூங்கா சிரித்தது. ஐஸ்கிரீம் மேசையில் கரண்டியோடு நின்றிருந்த லவோனும் சிரித்தார். "வீட்டுக்கு வரட்டும், இருக்கு அந்த மனுஷனுக்கு" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னார். ஹாரன் நிற்கவில்லை. "சரி, சரி, ஐயாவுக்கு இன்னொண்ணு வேணுமாம்" என்று சொல்லி ஆர்லன் அந்த வண்டியைப் பார்த்துக் குனிந்து ஒரு கும்பிடு போட்டார். சாயங்கால வெயில் முன்கண்ணாடியில் பட்டுத் தகதகத்தது. உள்ளே எதுவும் தெரியவில்லை.

வாத்தியக்குழு ஓர் அணிவகுப்பு இசையை எடுத்தது. வெர்னனின் ஹாரனோடு சேர்ந்து மற்றவர்களும் தாளத்துக்கு ஹாரன் அடித்தார்கள். அந்த மாதிரி ஒரு முடிவு எந்த ஊரிலும் நடந்ததில்லை என்று பேசிக்கொண்டார்கள். இசை நின்றது. மற்ற ஹாரன்களெல்லாம் நின்றன. அந்த ஒன்று நிற்கவில்லை. மறுபடியும் ஒரு சிரிப்பு எழுந்து, பாதியில் அறுந்தது.

முதலில் போய்ச் சேர்ந்தவர் ஆர்லன்தான். வண்டிக் கதவு பூட்டியிருக்கவில்லை. கோல்வினில் யாரும் பூட்டுவதில்லை. வெர்னன் ஸ்டியரிங் மேல் நெஞ்சு அழுந்தக் கவிழ்ந்திருந்தார். தோளைப் பிடித்து நிமிர்த்தியதும் ஹாரன் நின்றது.

அந்த அணிவகுப்பு இசை மூன்றரை நிமிடம். வாத்தியக்குழுத் தலைவி கார்லா நீமனின் தாளில் மேல் மூலையில் பென்சிலால் எழுதியிருக்கிறது. ஆர்லன் அதைப் பார்த்திருக்க வேண்டாம். பார்த்துவிட்டார்.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லோரும் பன்னும் பன்றி இறைச்சியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது லவோன் அவரிடம் வந்தார். "டாக்டர் சொன்னாரு, ஒரு அஞ்சு நிமிஷம் முன்னாடியே பாத்திருந்தா ஒருவேளை பொழச்சிருப்பாருன்னு" என்றார். பிறகு, "ஒருவேளைன்னுதான் சொன்னாரு" என்றார். காபிக் கோப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஒரு வருடம் அவர் ஆர்லனோடு பேசவில்லை. அறுவடைச் சோளத்தை மகன்தான் கொண்டுவந்தான். அவன் ஜன்னலில் சீட்டை வாங்கிக்கொண்டு, "வரேங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவான். ஆர்லன் மூன்று முறை மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார். மூன்றும் கிடங்கு மேசையின் இழுப்பறையில் எடைச் சீட்டுகளுக்கு அடியில் கிடக்கின்றன.

மார்ச் மாதக் குழுக் கூட்டத்தில், இந்த வருடம் கோல்வினை விட்டுவிடலாமா என்ற பேச்சு வந்தது. கோல்வினில் மட்டும் வேறு யாராவது அறிவிக்கட்டும் என்றார் ஒருவர். ஆர்லன் தொப்பியைச் சுழற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "ஏழு ஊருன்னா ஏழு ஊருதான். நான் போறேன்" என்றார். "உங்களால முடியுமா?" என்று கார்லா கேட்டார். "முடியுமான்னு போனாத்தானே தெரியும்" என்றார்.

கட்டைவிரல் பழக்கம் அந்த ஜூனில்தான் தொடங்கியது. முதல் ஊரில் முதல் பாட்டு முடிந்ததும் வழக்கம்போல ஹாரன்கள் எழுந்தன. ஆர்லன் மைக்கைக் கீழே போட்டார். அது 'டொம்' என்று பூங்கா முழுவதும் ஒலித்தது. வண்டி வண்டியாக ஓடி, ஒவ்வொரு கண்ணாடியிலும் நெற்றியை வைத்துப் பார்த்தார். ஹாரன்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஹாரன் அடிக்காதே என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வியாழக்கிழமை அடுத்த ஊரில் யாரும் அடிக்கவும் இல்லை. ஆர்லனும் ஓடவில்லை, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நடந்தார். இந்தக் கோடை முழுக்க ஜனங்கள் மூடிய கண்ணாடிக்குள் உட்கார்ந்து கைதட்டினார்கள். தட்டுவது தெரிந்தது. சத்தம் வரவில்லை.

போன வியாழக்கிழமை கோல்வின். ஆர்லன் மூன்று மணிக்கே வந்துவிட்டார். ரசமட்டத்தை நான்கு மூலையிலும் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். ஆறு மணிக்கு வண்டிகள் வரத் தொடங்கின. எல்ம் மரத்தடியை எல்லோரும் விட்டுவிட்டு, அதற்கு இரு பக்கமும் நிறுத்தினார்கள். பல்வரிசையில் ஒன்று விழுந்ததுபோல அந்த இடம் காலியாக இருந்தது. ஏழு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது பச்சை பிக்கப் வந்து அங்கே நின்றது. லவோன் தனியாக வந்திருந்தார். என்ஜினை அணைத்தார். இறங்கவில்லை. இந்த வருடம் ஐஸ்கிரீம் மேசையில் வேறொருத்தி நின்றாள்.

"சோளம், மூணு டாலர் எண்பது" என்றார் ஆர்லன் மைக்கில். சோயா விலையைச் சொல்லாமலே விட்டுவிட்டார். ஒரு ஹாரனும் எழவில்லை.

முதல் பாட்டு முடிந்ததும் இறங்கினார். விரலைத் தூக்கிக்கொண்டு வரிசையாக வந்தார். பச்சை வண்டிக்கு முன்னால் வந்தபோது தரையைப் பார்த்துக்கொண்டு கடந்து, அதற்கு அடுத்த வண்டியில் நிமிர்ந்தார். இரண்டாவது பாட்டுக்குப் பிறகும் அப்படித்தான். மூன்றாவதுக்குப் பிறகு மேடையேறியதும் கார்லா குனிந்து மெதுவாகச் சொன்னார். "ஒவ்வொரு தடவையும் அந்த ஒரு வண்டியை விட்டுட்டு வரீங்க."

"தெரியும்."

"அங்கதான் முதல்ல போயிருக்கணும்."

"தெரியும் கார்லா. கால் நிக்க மாட்டேங்குது."

நிகழ்ச்சி நிரலில் அந்த அணிவகுப்பு இசையை இந்த வருடம் எந்த ஊரிலும் சேர்க்கவில்லை. ஒரு மெதுவான பாட்டோடு முடித்தார்கள். ஆர்லன் நன்றி சொன்னார். கண்ணாடிகளுக்குள் கைகள் அசைந்தன. சிலர் வண்டியைக் கிளப்பச் சாவியைக்கூடத் திருப்பிவிட்டார்கள்.

அப்போது எல்ம் மரத்தடியிலிருந்து ஹாரன் எழுந்தது. விட்டுவிட்டு அல்ல, ஒரே நீளமாக.

யாரும் சிரிக்கவில்லை. பூங்காவைச் சுற்றி அத்தனை வண்டிக் கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்தன. டிரம்பெட்டை நாற்காலியில் வீசிவிட்டு ஒருவன் மேடையிலிருந்து குதித்தான். ஆர்லன் அதற்குள் புல்லில் ஓடிக்கொண்டிருந்தார். மடங்காத காலை இழுத்துக்கொண்டு, தொப்பி பறந்து விழ, வாயைத் திறந்துகொண்டு ஓடினார். வண்டியின் முன்பக்கத்தில் இரண்டு கையையும் ஊன்றித்தான் நின்றார்.

லவோன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு கை ஹாரன் மேல் இருந்தது. இன்னொரு கையின் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆர்லனைப் பார்த்ததும் ஹாரனிலிருந்து கையை எடுத்தார்.

கண்ணாடி இறக்கியே இருந்தது. "இருபத்திரெண்டு செகண்டு" என்றார். "உன் நொண்டிக் காலோட."

ஆர்லனுக்கு மூச்சு வாங்கியது. சுற்றி ஓடி வந்தவர்கள் பத்தடி தள்ளி நின்றுவிட்டார்கள்.

லவோன் அவரைத் தாண்டி ஐஸ்கிரீம் மேசையைப் பார்த்தார். "அங்கேர்ந்து நடந்தே வந்திருந்தாக்கூட இன்னும் கம்மி" என்றார். "நான் கரண்டியைப் பிடிச்சிக்கிட்டு சிரிச்சிக்கிட்டு நின்னேன்." பிறகு இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்து நேரே முன்னால் பார்த்தார்.

ஆர்லன் வண்டியின் முன்பக்கத்திலிருந்து கையை எடுத்தார். ஒரு வருடமாகப் பார்க்காத அந்த முன்கண்ணாடிக்கு நேரே நின்றுகொண்டு வலது கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். லவோன் விரல் காட்டவில்லை. வண்டியைக் கிளப்பவும் இல்லை. ஓடி வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வண்டிக்குத் திரும்பினார்கள். மேடையில் கார்லா தாள்களை அடுக்கிக் கட்டிவிட்டார். ஆர்லன் விரலை இறக்காமல் நின்றுகொண்டிருந்தார்.