முன்பக்கத்தில் முப்பத்து மூன்று

நான் முதலில் தொட்ட பிராசஸர் 8085. மூன்று மெகாஹெர்ட்ஸ், நொடிக்கு முப்பது லட்சம் துடிப்பு. பிறகு 286 வந்தது, பன்னிரண்டு. 386 வந்தபோது முப்பத்து மூன்று. டெல்லியில் நான் வேலை பார்த்த அரசு அலுவலகம் அந்த 386-இல் பன்னிரண்டு கம்ப்யூட்டர் வாங்கியது. சரிபார்த்து ஏற்கும் பொறுப்பு என்னுடையது.

அந்தக் காலத்துப் பெட்டிகளின் முன்பக்கத்தில் வேகம் சிவப்பாக ஒளிரும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் 33. "தேக்கியே சாப், தேந்தீஸ்!" என்று அந்த முப்பத்து மூன்றைக் காட்டினான் கொண்டுவந்தவன். கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் என் பிரிவின் தொழில்நுட்ப உதவியாளர், ஒரு தமிழ்ப் பெண், ஒரு பெட்டியைத் திறந்துவிட்டார். "சார், மூஞ்சியில முப்பத்து மூணு, வயித்துல இருபத்தஞ்சு" என்று சிரித்தார். சிப்பின் மேலேயே 25 என்று பொறித்திருந்தது. முன்பக்க எண் எதையும் அளப்பதில்லை; உள்ளே இரண்டு சின்னச் செருகிகளை மாற்றிப் போட்டால் கேட்ட எண்ணைக் காட்டும். பொறியியல் படித்த எனக்கு அது தெரியாது.

அதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. அனுமதியின்றிப் பெட்டியின் சீலை உடைத்தார் என்று ஃபைலில் குறிப்பு எழுதினேன். அவரைக் குவாஹாத்திக்கு மாற்றினார்கள். கணவருக்கு வேலை டெல்லியில். இரண்டு வயது மகள் அப்பாவிடமே இருந்துவிட்டாள். கிளம்பும் அன்று, "நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேம்மா" என்றேன். நம்பினார். மூன்று வருடம் கழித்து அவர் திரும்புவதற்குள் 486 வந்துவிட்டது, அறுபத்தாறு. அந்தப் பன்னிரண்டு பெட்டிகளும் ஸ்டோர் ரூமுக்குப் போய்விட்டன.

முப்பது வருடம் கழித்து, போன மாதம், டெல்லி கரோல் பாக்கில் அவர் வீட்டுக்குப் போனேன். மகளிடம், "எனக்காகப் போராடினாருன்னு சொல்வேனே, அந்த சார்" என்றார்.

மூன்று மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. இன்னொரு முறை ஏற முடியாது என்று தோன்றியது. "அந்தக் குறிப்பை எழுதினதே நான்தாம்மா" என்றேன்.

அவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். தமிழ் அரைகுறையாகவே புரியும் மகள், "க்யா ஹுவா அம்மா?" என்றாள்.

"உங்களுக்குத்தான் ஹிந்தி நல்லா வருமே சார். இவகிட்ட நீங்களே சொல்லுங்க."

முதலிலிருந்து சொன்னேன். எவ்வளவு வித்தியாசம் அங்கிள் என்று மட்டும் கேட்டாள்.

"எட்டு மெகாஹெர்ட்ஸ்."

இன்றைய போன்களில் அது கணக்கிலேயே வராது. அவள் எழுந்து போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் என்னை இருக்கச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை.