சந்தனம் அண்ணனின் வலது காது

சந்தனம் அண்ணன் போய்விட்டார்… இன்று காலை, அலுவிகாரையில், தன் வீட்டில்.

அவருடைய கராஜிலிருந்து போன் வந்தது. கேட்டுவிட்டு லொறி டயரை ஓங்கி உதைத்தேன். கால்தான் வலிக்கிறது.

தெரியாதவர்களுக்கு… அவர் டீசல் மெக்கானிக். நான் மரக்கறி லொறி ஓட்டினவன். சண்டைக் காலத்தில் பாதியை இரண்டு பேரும் மாத்தளை – தம்புள்ளை ரோட்டில்தான் கழித்தோம்.

டர்போ வண்டி கறுப்புப் புகை கக்கிக்கொண்டு மேட்டில் இழுக்காமல் நின்றால், மற்ற மெக்கானிக் பாஸ்மார் உடனே டீசல் பம்பைக் கழற்றுவார்கள். இவர் முதலில் காற்று எங்கே ஒழுகுகிறது என்று தேடுவார்.

வாய் மட்டும் சாக்கடை. "பம்பக் கழட்டச் சொன்ன நாயி எவன்டா? அவன் மண்டையக் கழட்டுறேன்." வண்டிச் சொந்தக்காரர் பக்கத்தில் நிற்கும்போதே சொல்வார்.

ஒரு தடவை கோபத்தில் ஸ்பேனரை எறிந்து என் ஹெட்லைட்டை உடைத்தார். அதற்கும் என்னைத்தான் திட்டினார்.

அவருடைய ஆயுதம் ஒரு துண்டு ரப்பர் குழாய். ஒரு முனையை வலது காதில் வைத்து, மறு முனையை என்ஜினைச் சுற்றிக் கொண்டுபோவார். ஒழுகும் இடம் வந்ததும் அந்த மூஞ்சியில் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள்…

அதற்கும் பிடிபடாத லீக் என்றால் பால்மா டின். அடியில் ஒரு டயர் வால்வு வைத்துப் பற்றவைத்திருந்தார். டின்னை டர்போவின் வாயில் மாட்டி, காற்றை ஏற்றி, சவர்க்காரத் தண்ணீர் ஊற்றினால் ஓட்டையில் நுரை வரும்.

நடுரோட்டில் கம்ப்ரெஸருக்கு எங்கே போவது? ஸ்கூட்டர் டியூப் ஒன்றில் காற்றை நிரப்பி, அதில் குழாய் செருகிக் கட்டி, டின்னோடு சாக்கில் போட்டுக்கொண்டு வருவார்.

டின், வால்வு, குழாய், சாக்கு. யுத்தம் நடக்கிற நாட்டில். எங்கள் இரண்டு பேருக்கும் மூளை எங்கே போயிருந்ததோ தெரியவில்லை.

நாலந்தா தாண்டி ஒரு ஆமி செக் பொயின்ட். லொறி இழுக்கவில்லை என்று அவரையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தேன். எங்களை இறக்கி முட்டி போட வைத்தார்கள். ஒரு இளவட்டம் சாக்கைக் கொட்டி, குழாயைப் பிடித்து இழுத்தான்.

உஸ்ஸ்ஸ்… என்று காற்று சீறியது.

அவன் "பொம்ப", குண்டு, என்று சிங்களத்தில் கத்தினான். துப்பாக்கியோடு நின்ற அத்தனை பேரும் சேற்றில் குப்புற விழுந்தார்கள். நாங்களும் விழுந்தோம். டியூப் சப்பிப்போகும் வரைக்கும் யாரும் மூச்சு விடவில்லை.

சந்தனம் அண்ணன்தான் முதலில் தலையைத் தூக்கினார். "காத்து மாத்தயா… வெறும் காத்து" என்று சிங்களத்தில் சொன்னார். சொல்லிவிட்டு, சிரித்துவிட்டார்.

கத்தினவன் முகமெல்லாம் சேறு. எழுந்து வந்து துப்பாக்கிக் கட்டையால் அவரை வலது காதோடு சேர்த்து அடித்தான். விழுந்தவரைத் தூக்கி நிறுத்தி, அதே இடத்தில் திரும்பவும் அடித்தான். நான் குறுக்கே போனேன். என் விலா எலும்பு இரண்டை பூட்ஸ் பார்த்துக்கொண்டது.

பொழுது சாயும் நேரம் விட்டார்கள். கொஞ்ச தூரம் போனதும், "நிப்பாட்டு, பொனட்டத் தெற" என்றார். காதிலிருந்து ரத்தம் சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

குழாயை வலது காதில் வைத்தார். வைத்துக்கொண்டே நின்றார். பிறகு இடது காதுக்கு மாற்றினார்.

"லீக்கு இருக்குடா. அந்தக் காதுலதான் ஒண்ணுமே விழல."

அந்தக் காது திரும்ப வரவில்லை.

லொறியில் அவர் எனக்கு இடப்பக்கம் உட்காருவார். அந்த வலது காதுதான் என் பக்கம். அதற்குப் பிறகு வழி நெடுக நான் பேசினது எதுவும் அவருக்குப் போய்ச் சேரவில்லை. சத்தமாகச் சொன்னால், "ஏன்டா கத்துற, நான் என்ன செவிடா?" என்று சண்டைக்கு வருவார்.

சில வருஷம் கழித்து ஒரு மணல் டிப்பர் கராஜுக்கு வந்தது. புகை, டிக் டிக் என்று சத்தம். டிரைவர் உள்ளே வந்தவன், ஆணியில் தொங்கிய பால்மா டின்னைப் பார்த்து அப்படியே பின்வாங்கினான். அன்றைக்கு அடித்த அவனேதான். ஆமி உடுப்பைக் கழற்றிவிட்டு டிப்பர் ஓட்டிக்கொண்டிருந்தான்.

சந்தனம் அண்ணன் அவன் பிடரியைப் பிடித்து என்ஜின் மேல் சாய்த்தார். குழாயின் ஒரு முனையை அவன் காதுக்குள் திணித்தார். மறு முனையை, புகை பீறிக்கொண்டிருந்த எக்ஸோஸ்ட் மூட்டில் அழுத்தினார்.

"எக்ஸிலேட்டர அமத்துடா" என்றார் என்னிடம்.

அமத்தினேன். இன்றைக்கும் அதற்காக வருத்தப்படவில்லை.

அவன் அலறினான். "கேக்குதா?" என்று சிங்களத்தில் கேட்டார். "கேக்குது அண்ணே, கேக்குது" என்று அழுதான்.

"எனக்குக் கேக்கல."

விட்டுவிட்டார். அவன் காது கொப்பளித்துப்போயிருந்தது. அவனை ஓரமாக உட்காரவைத்து, பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்து, புதிதாக வைத்து, ஒவ்வொரு நட்டாக இறுக்கினார். ஸ்பேனர் இரண்டு தடவை கையை விட்டு விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

"லீக்கு இல்ல. போ" என்றார். டிப்பர் போன பிறகும் மூஞ்சியைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

எனக்காகச் சிரித்த மனுஷன் அண்ணே நீங்கள். அன்றைக்குச் சேற்றில் கிடந்து நான் நடுங்கியதைப் பார்த்து, என் பயம் போகட்டும் என்றுதான் சிரித்தீர்கள். அது எனக்குத் தெரியும். அதை லொறியில் எத்தனையோ தடவை சொன்னேன்… அந்தக் காதுக்கு.

நாளைக்கு வீட்டுக்கு வருகிறேன். இடது பக்கம் வந்து நிற்கிறேன்.

போய்ட்டு வாங்கண்ணே.