ஆக்டின் ஆன்டிபாடியும் அனுமந்தை ஐஸும்

சென்ற மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு வந்தேன். ஊர் சுற்ற அல்ல. சுண்டுவிரல் நீளக் குப்பி ஒன்றைக் கொண்டுவர. அதில் இருந்தது ஆக்டின் ஆன்டிபாடி. ஆக்டின், செல்லுக்கு உருவம் தரும் புரதம். இந்த ஆன்டிபாடி அதைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். கூடவே இணைத்திருக்கும் சாயத்தால் மைக்ரோஸ்கோப்பில் பச்சையாக ஒளிரும். எங்கள் ஆய்வகத்தில் அது தீர்ந்துவிட்டது. நான் வளர்த்து வைத்திருந்த செல்களோ மறுநாளுக்கு மேல் தாங்காது. சென்னைத் தோழி தன் கடைசிக் குப்பியையே கொடுத்தாள். முதல் நன்றி அவளுக்கு.

மரக்காணத்து உப்புக் குவியல்களைக் கடந்து, அனுமந்தை அருகே பேருந்து நின்றுவிட்டது. புதுச்சேரிக்கு இன்னும் முப்பது கிலோமீட்டர் இருக்கும். "வேற வண்டி வர ஒரு மணி நேரம் ஆவும்மா" என்றார் நடத்துநர். என் தெர்மாகோல் டப்பாவைத் திறந்தால் ஐஸ் முழுக்கத் தண்ணீர். உச்சி வெயில் வேறு. அழுதே விட்டேன்.

சாலையோரம் மீன் விற்றுக்கொண்டிருந்த ஜெயந்தி அக்கா கூப்பிட்டார். "ஏம்மா அழுவுற? இன்னா அது, மருந்தா?"

"மருந்து மாதிரிதான்க்கா. சில்லுன்னே இருக்கணும்."

"இவ்ளோதானா? குடு இப்படி."

தன் பெட்டியிலிருந்து ஐஸை அள்ளி என் டப்பாவை நிரப்பினார். கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்க்கிறேன், இரண்டு கை கல்லுப்பையும் போட்டு மூடுகிறார். மீனுக்குப் போட்டுப் போட்டு வந்த கைப்பழக்கம். உப்பு சேர்ந்த ஐஸ் இன்னும் குளிர்ந்து குப்பியை உறைய வைத்துவிடும். என் ஆன்டிபாடி உறைந்தால் அதோடு முடிந்தது.

"ஐயோ, உப்பு வேணாம்க்கா, கெட்டுடும்."

"உப்பு போட்டா கெடுமா? நல்லா இருக்குதே உன் மருந்து" என்று சிரித்தார். கோபமே இல்லை. குப்பியை என் கையில் கொடுத்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் கொட்டி, தான் குடிக்க வைத்திருந்த தண்ணீரில் டப்பாவை அலசி, வேறு ஐஸ் போட்டார். சாயத்தில் வெளிச்சம் படாமலிருக்கக் குப்பியில் சுற்றியிருந்த அலுமினியத் தாளைக் கொஞ்சம் விலக்கிச் சாய்த்தேன். உள்ளே திரவம் அசைந்தது. போன உயிர் வந்தது.

மறுநாள் மைக்ரோஸ்கோப்பில் செல் முழுக்கப் பச்சை இழைகள். அடுத்த ஞாயிறு அனுமந்தைக்கே போய், ஜெயந்தி அக்காவிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். அவர் போனை வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"இதுக்கா அன்னிக்கு அப்டி அழுத?" என்றவர், போனைத் திருப்பித் தராமல் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டார். "இங்க வந்து பாரு. நம்ம ஐஸுல வந்தது."

இந்த வழியில் ஆன்டிபாடி எடுத்துப் போகிறவர்களுக்கு: ஐஸ் பை இரண்டாக வையுங்கள். அதுவும் உருகிவிட்டால் தயங்காமல் மீன் கடையில் கேளுங்கள், கேட்டதற்கு மேலேயே கிடைக்கும். உப்பு வேண்டாம் என்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.